பாசி மாத்திரை பிரஷரைக் குறைக்குமா? வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. தினமும் இந்தப் பச்சை மாத்திரை ரெண்டு போட்டா போதும், கொலஸ்ட்ரால் கரைஞ்சு ஓடிடும்." இப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் வந்திருக்கலாம். மரக்காணம் உப்பளப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே நம்பும்படி இருக்கும். ஈ.சி.ஆர். வழியாகத் தெற்கே போனால் ஆரோவில்லில் சுருள்பாசி வளர்க்கிறார்கள். உப்பளப் பாத்தியிலும் ஒரு வகைப் பாசி இருக்கிறது. "நம்ம ஊர்லயே விளையுற பொருள்தானே, என்ன ஆயிடப் போகுது" என்று தோன்றுவது இயல்புதான்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சுருள்பாசி நல்ல உணவு. அது கொலஸ்ட்ராலையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது மருந்துக்கு மாற்று கிடையாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுவது ஆபத்து. காரணத்தைக் கீழே விளக்கியிருக்கிறோம். வாங்கினால் எப்படிச் சரிபார்ப்பது, ஏமாந்தால் எங்கே புகார் செய்வது, பி.பி.யை இலவசமாக எங்கே பார்ப்பது என்பதும் இதிலேயே இருக்கிறது.

எந்தப் பாசி?

கடைகளில் "பாசி" என்ற பெயரில் பல பொருட்கள் விற்கின்றன. எல்லாம் ஒன்றல்ல.

சுருள்பாசி: ஆங்கிலப் பெயர் ஸ்பைருலினா. கண்ணுக்குத் தெரியாத, சுருள் வடிவ நீலப்பச்சைப் பாசி. சோடா உப்புக் கலந்த காரத்தன்மையுள்ள நல்ல தண்ணீரில், தொட்டிகளில் வளர்த்து, வடிகட்டி, உலர்த்திப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் ஏரியிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட பாசி இதுதான். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பெண்கள் இன்றும் இதை அள்ளி உலர்த்தி அடை போலச் செய்கிறார்கள். நம் மாநிலத்துக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. சென்னை தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் சி.வி. சேஷாத்ரி தலைமையில், கிராமத்துப் பெண்களே குறைந்த செலவில் சுருள்பாசி வளர்க்கும் முறைகளை உருவாக்கினார்கள். அங்கே நோக்கம் சத்துக்குறைவைப் போக்குவது. பிரஷரைக் குணமாக்குவது அல்ல.

பாசி எண்ணெய்: கடல் நுண்பாசியிலிருந்து எடுக்கும் ஒமேகா-3 எண்ணெய். மீன் எண்ணெய்க்குப் பதிலாகச் சைவ மாத்திரை என்று விற்கிறார்கள்.

கடற்பாசி: ராமநாதபுரம் பக்கம் கயிற்றிலும் மிதவையிலும் வளர்ப்பது. இதில் சில வகைகளில் அயோடின் அதிகம் இருக்கலாம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

உப்பளத்தில் சிவக்கும் தண்ணீர் மருந்தா?

வெயில் ஏறி, பாத்தியில் உப்பு இறங்கும் சமயத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதை உப்பளத்தில் வேலை செய்பவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்குக் காரணம் டுனாலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பை விரும்பும் வேறு சில நுண்ணுயிர்களும். கடும் உப்பிலும் வெயிலிலும் தன்னைக் காத்துக்கொள்ள டுனாலியெல்லா பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறப் பொருளை நிறையச் சேர்த்துவைக்கிறது. கேரட்டில் இருப்பதும் அதே பொருள்தான். சில நாடுகளில் இந்தப் பாசியை வளர்த்து, கரோட்டினைப் பிரித்து விற்கிறார்கள்.

ஆனால் இது பிரஷருக்கோ கொலஸ்ட்ராலுக்கோ மருந்து அல்ல. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 1994-ல் அதன் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட், கீரை தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரை வடிவில் அதிக அளவு கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்கு வேண்டாம்.

பாத்தித் தண்ணீரையோ, குளம் குட்டையில் மிதக்கும் பச்சைப் பாசியையோ அள்ளி உலர்த்திச் சாப்பிடவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். தண்ணீரில் ஈயம், ஆர்சனிக் போன்றவை கலந்திருந்தால் பாசி அவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கொலஸ்ட்ராலுக்கு என்ன செய்கிறது?

நம் நாட்டிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1996-ல் ராமமூர்த்தி, பிரேமகுமாரி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 250-க்கு மேல் இருந்த 30 இதய நோயாளிகள் பங்கேற்றார்கள். சிலருக்குத் தினம் 2 கிராம், சிலருக்கு 4 கிராம் சுருள்பாசி, மூன்று மாதம் கொடுக்கப்பட்டது. இரண்டு பிரிவினருக்கும் கொலஸ்ட்ரால் குறைந்தது. 4 கிராம் எடுத்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது.

பிறகு பல நாடுகளில் நடந்த 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2016-ல் வெளிவந்தது. அதன்படி மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 47 புள்ளி, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 41 புள்ளி, ட்ரைகிளிசரைடு 44 புள்ளி குறைந்தன. லேப் ரிப்போர்ட்டில் வரும் அதே அளவுதான் இந்தப் புள்ளி.

எப்படிக் குறைக்கிறது? சுருள்பாசியில் உள்ள புரதம் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றுகிறது, அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எண்கள் நல்லாத்தானே இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இவை எல்லாம் சிறிய ஆய்வுகள். பெரும்பாலும் சில பத்துப் பேர், சில வாரங்கள் அல்லது சில மாதங்கள்.

இரண்டு, இவற்றில் பார்த்தது ரத்தத்தில் உள்ள அளவை மட்டும்தான். மாரடைப்பு குறைந்ததா, ஆயுள் கூடியதா என்று பார்க்கவில்லை. ஸ்டாடின் வகை மாத்திரைகளைப் பொறுத்தவரை லட்சக்கணக்கானவர்களிடம் பல ஆண்டுகள் பார்த்து, மாரடைப்பும் பக்கவாதமும் குறைவது உறுதியாகியிருக்கிறது. இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

மூன்று, அளவு. ஆய்வுகளில் கொடுத்தது பொதுவாகத் தினம் 2 முதல் 4.5 கிராம் வரை. கடையில் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் 500 மில்லிகிராம். அப்படியானால் 4 கிராமுக்கு ஒரு நாளைக்கு 8 மாத்திரை வேண்டும். 60 மாத்திரை உள்ள டப்பா எட்டு நாளுக்குக்கூட வராது. "தினம் ரெண்டு போட்டா போதும்" என்கிற விளம்பரம் ஆய்வில் கண்ட பலனைச் சொல்லி, அதில் கால் பங்கு அளவை விற்கிறது. வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.

பாசி எண்ணெய்க் கணக்கு வேறு மாதிரி. அதில் உள்ள டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். ஆனால் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ம் ஆண்டுத் தொகுப்பில் எல்.டி.எல். சற்றுக் கூடியிருந்தது. எல்.டி.எல். அதிகம் உள்ளவர் "கொழுப்பைக் குறைக்கும்" என்று நம்பி இதை வாங்கினால் பலன் எதிராகவும் போகலாம்.

பிரஷருக்கு என்ன செய்கிறது?

2021-ல் வெளியான ஒரு தொகுப்பு, மொத்தம் 230 பேர் பங்கேற்ற 5 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சுருள்பாசி சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 4.6 புள்ளியும், கீழ் அளவு 7 புள்ளியும் குறைந்தன.

இதை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்க. ஒருவருக்கு 160/100 இருக்கிறது என்றால், மேல் அளவு 155 வரைதான் வரும். 140-க்குக் கீழே வர வேண்டும் என்பதே குறைந்தபட்ச இலக்கு. பாசி மட்டும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது.

அதே 4 புள்ளியைக் காசு இல்லாமலும் குறைக்க முடியும். 2013-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பின்படி, தினம் சாப்பிடும் உப்பில் சுமார் 4.4 கிராம் குறைத்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 4 புள்ளி இறங்கியது. 4.4 கிராம் என்பது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மில் பெரும்பாலோர் அதைவிட அதிகமாகவே சாப்பிடுகிறோம். பச்சை மாத்திரைக்கு மாதாமாதம் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

மரக்காணம் பக்கம் உப்பு எந்த வழியில் உடம்புக்குள் போகிறது? கருவாடு, ஊறுகாய், அப்பளம், வற்றல், கடை மிக்சர். கருவாட்டைச் சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசுங்க. அந்தக் குழம்பில் தனியாக உப்புப் போடாதீங்க. சோற்றில் உப்புப் போட்டு வடிப்பதை நிறுத்தலாம். உப்பளத்திலிருந்து நேராக எடுத்து வரும் கல்லுப்பில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்காது. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்க, அளவாக.

வெயிலில் உப்பு வாருபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: "வேர்வையில உப்புப் போகுதே, குறைச்சா மயக்கம் வராதா?" வேலை நாளில் முதலில் தேவை தண்ணீர். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி குடிங்க. மோர், கஞ்சி நல்லது. தலைசுற்றல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கலாம். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயில் காலத்தில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்பதைக் கிராமச் செவிலியரிடம் கேட்டு முடிவு செய்யுங்க.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர் மட்டுமே. "எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை விடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரஷர் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. தெரியும்போது பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகச் செயலிழப்பாகவோ தெரியும்.

மேல் அளவில் ஒவ்வொரு 10 புள்ளி குறைந்தாலும் பக்கவாதம் வரும் ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அம்லோடிபின் போன்ற சாதாரண மாத்திரை செய்யும் வேலை அது. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

உப்பளத் தொழிலாளர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் வேலை செய்யும் 352 பேரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வெயில், போதிய தண்ணீர் குடிக்காதது, கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்வது எல்லாம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதோடு கட்டுப்படாத பிரஷரும் சேர்ந்தால் பாதிப்பு வேகமாகும்.

யார் சாப்பிடக் கூடாது, யார் கேட்டுச் சாப்பிட வேண்டும்?

- சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பாசி மாத்திரையும் எடுக்க வேண்டாம். இவர்கள் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பொட்டாசியம் உப்பையும் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. டெல்மிசார்டன், எனலாப்ரில் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.
- ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்.
- முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய் எதிர்ப்புக் கோளாறு உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்.
- கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள்.
- பி.கே.யு. என்ற பிறவி நோய் உள்ளவர்கள் சாப்பிடவே கூடாது.

சிலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், அரிப்பு வரலாம். வந்தால் உடனே நிறுத்துங்க.

"புரதம் நிறைய இருக்கு" என்பதும் பாதி உண்மைதான். சுருள்பாசிப் பொடியில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் நீங்கள் சாப்பிடுவது 2 கிராம். அதில் கிடைப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. "பி12 நிறைய" என்பதையும் நம்ப வேண்டாம். பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத வகை.

வாங்கினால், போனை எடுத்து இதைச் செய்யுங்க

1. டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்க. இல்லை என்றால் வாங்காதீங்க.

2. "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலியை இறக்கி, அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்க. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். டப்பாவில் இருப்பதும் அதுவும் ஒன்றா, உரிமம் நடப்பில் உள்ளதா என்று பாருங்க.

3. "ஹெல்த் சப்ளிமென்ட்", "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்ற சொற்கள் லேபிளில் இருக்க வேண்டும். இரண்டாவது சொல்லுக்கு அர்த்தம், "இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல". விற்பவர் வாயால் சொல்வதையும் லேபிளில் அச்சிட்டிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்க. அங்கேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

4. ஒரு நாளைக்கு எவ்வளவு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் பாருங்க. லேபிள் இல்லாமல் பாக்கெட்டில் கட்டிக் கொடுக்கும் பச்சைப் பொடியை வாங்க வேண்டாம்.

5. பில் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

தவறான விளம்பரம் என்றால் எங்கே சொல்வது?

உயர் ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருளைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 53-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

- தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப்: 94440 42322
- தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915

லேபிளின் இரு பக்கமும் தெரியும் போட்டோ, பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாங்கிய கடை அல்லது இணைப்பு, தேதி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்க. வீடியோவை நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்வதை விட இது பயன்.

இலவசமாகப் பார்ப்பது எப்படி?

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் பகுதிக்கு யார் வருகிறார்கள் என்று அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்க. வேலைக்குப் போய்விடுவதால் அவர்கள் வரும் நேரத்தில் வீட்டில் இல்லை என்றால், எந்த நேரம் வசதி என்று சொல்லி வையுங்க.

பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்க. அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி வேண்டாம். வெவ்வேறு நாளில் இரண்டு தடவை 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்க. கொலஸ்ட்ரால் பரிசோதனை தேவையா என்பதை அப்போது அவரே சொல்வார். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது, நெஞ்சு வலி இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-க்கு அழையுங்க.

இவ்வளவும் படித்த பிறகும் சுருள்பாசி சாப்பிட விருப்பம் என்றால் தடை இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடமோ செவிலியரிடமோ காட்டுங்க. நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைச் சீட்டையும் கூடவே காட்டுங்க. இன்றைய பி.பி., கொலஸ்ட்ரால் அளவை எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்க. அளவு நன்றாகக் குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். அதுவரை பழைய மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க.